வரவேண்டாம் என்று நான் சொன்ன மூன்று பேர்

ஒக்டோபர் 1, வெள்ளி

காற்று திரும்பிவிட்டது. வகுப்பறைத் தகரக் கூரை நாள் முழுக்கக் கடகடவென்று. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போனது.

செய்ய வேண்டியவை: சுவருக்குப் படங்கள். வாசிப்பு மூலைக்குப் பாய். வரவு இடாப்பு. குடைக்கம்பி.

செவ்வாய்க்கிழமை வலயக் கல்விக் கந்தோரிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள். உதவிக் கல்விப் பணிப்பாளர், ஒரு பெண். கண்டிப்பானவராம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடமும் புத்தகமும் அரசாங்கம். நடத்துவதும் சம்பளம் தருவதும் கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிதியம். இப்போது நிதியம் இன்னும் இரண்டு பள்ளிக்கூடம் கேட்கிறது. ஒன்று வெள்ளாங்குளத்தில். மற்றது, பெரிய ரோட்டடியில் உள்ள சின்ன அரசாங்கப் பள்ளிக்கூடத்தைத் தன்னிடம் தரச் சொல்லி. இங்கே பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அனுமதி. பார்க்கப்போவது நாலாம் வகுப்பை. என் வகுப்பை.

பின்னேரம் அதிபர் சேர் கூப்பிட்டார். மேசையைப் பார்த்தபடியே பேசினார். வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? மூன்று என்றேன். ஜெசிந்தா, அமலன், ரிஸ்னி. அன்றைக்கு அவர்களை வராமல் மறிக்கச் சொன்னார். இடாப்பில் வராதவர் என்று விழுமே என்றேன். அப்படியானால் விலகியதாகவே போட்டுவிடலாம், மீள்குடியேற்றக் காலத்தில் சனம் வருவதும் போவதும்தானே, யார் கேட்கப்போகிறார்கள், அனுமதி வந்த பிறகு திரும்பச் சேர்ப்போம் என்றார்.

"உங்கட இந்தியப் பட்டத்துக்கு இன்னும் இஞ்சை அங்கீகாரம் வரேல்லைத்தானே ரீச்சர்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருடைய குரலே நடுங்கியது. அதனால் எனக்கு இன்னும் கூடப் பயம். தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய.

ஒக்டோபர் 3, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. சுவாமி என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது.

சங்கக்கடை: சீனி, சவர்க்காரம், சிவப்புப் பேனை.

மூன்று பெயரையும் வெட்டினேன். சிவப்புக் கோடு, பக்கத்தில் 'விலகல்', கீழே என் சுருக்கொப்பம்.

இந்தியாவில் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் வரிசையில் நிற்காதவரின் பெயரை வெட்டிவிடுவார்கள். பத்தொன்பது வருடம் அந்தப் பயத்தோடு இருந்தவள் நான். காய்ச்சலில் கிடந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். இப்போது பேனை என் கையில். தூ.

ஒக்டோபர் 4, திங்கள்

புழுக்கம். மழை வருமாப்போல் இருந்து வரவில்லை. குடை திருத்தவில்லை.

மணி அடித்ததும் மூன்று பேரையும் நிற்க வைத்தேன். நாளைக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள், நான் சொல்லும்வரைக்கும் வரவேண்டாம், வீட்டில் சொல்லுங்கோ என்றேன். அமலனுக்குச் சந்தோஷம், துள்ளிக்கொண்டு ஓடினான். ரிஸ்னி ஏன் என்று கேட்கவேயில்லை. அவனுடைய குடும்பம் புத்தளத்திலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. யார் என்ன சொன்னாலும் சரி என்கிற பிள்ளை. ஜெசிந்தா மட்டும் போகாமல் நின்றாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதபடியாலோ ரீச்சர்?"

இல்லை என்றேன். பொய் என்று ஒன்பது வயதுக்கு விளங்காதா? சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தாய்மாரின் முகத்தைப் பார்க்கப் பயந்து பிள்ளைகளிடமே சொல்லிவிட்டேன். கோழை.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஒக்டோபர் 5, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

8.15க்கு வாகனம். பணிப்பாளர் மேடமும் இன்னும் இரண்டு பேரும். மேடம் தானே பிள்ளைகளைத் தெரிவுசெய்து, தான் கொண்டுவந்த புத்தகத்திலிருந்து வாசிக்க வைத்தார். ஒருவரும் தடக்கவில்லை. சிரித்தார். சேர் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

10.30, தேநீர். அந்த நேரம் ஸ்ரெல்லா வந்தாள், ஜெசிந்தாவின் தாய். கருவாட்டு வாடியில் வேலை, கையெல்லாம் செதில். மகள் சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டாளாம். யன்னலால் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ரீச்சர், பிள்ளை எங்கை?"

வீட்டில் இல்லையா என்று கேட்டேன். ஏழு மணிக்கே சீருடை போட்டு, புத்தகப் பையும் கொண்டு வெளிக்கிட்டவள் என்றாள். பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. வெட்கம்.

எந்தப் பிள்ளை என்று மேடம் கதிரையிலிருந்தபடி கேட்டார். சேர் முந்திக்கொண்டார்: அது விலகின பிள்ளை மேடம், பெயர் வெட்டியாச்சு. நான் பேசாமல் நின்றேன். எழுதி வைக்கிறேன். பேசாமல் நின்றேன்.

பெயர் வெட்டியாச்சு என்றது மட்டும்தான் ஸ்ரெல்லாவின் காதில் விழுந்தது. அவளும் முகாமில் இருந்து வந்தவள். வீட்டுத்திட்டப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாங்கள் ஒரு இடமும் போகேல்லை அம்மா, இஞ்சைதான் இருக்கிறம்," என்று மேடத்தைக் கும்பிட்டாள். பிள்ளையைக் காணவில்லை என்பது ஒரு நிமிடம் அவளுக்கே மறந்துபோனது. அவளைக் கையில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

அமலன் வீடு: அவன் இருந்தான், அவள் வரவில்லை. ரிஸ்னி வீடு: அதுவும் அப்படியே. வாடி, கடற்கரை, கோயில் மண்டபம். இல்லை. மிச்சம் ஒரு இடம்தான். பனங்கூடலுக்கூடாகப் பெரிய ரோட்டுக்குப் போகும் குறுக்குப் பாதை. மண்டையோட்டுப் பலகை மாட்டிய இடம். ஆவணியில் ஒரு மாடு அங்கேதான் சிதறியது.

மிதிவெடி எடுக்கும் ஆட்கள் முழந்தாளில் இருந்து கிண்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓடி வருவதைக் கண்டதும் அவர்களுடைய பெரியவர் விசில் அடித்து எல்லோரையும் நிற்பாட்டினார். பிள்ளையைக் காணவில்லை என்றேன். நிலத்தைக் காட்டினார். மணலில் சின்னச் சப்பாத்தின் அடிகள். அவர்கள் வேலைக்கு வருமுன்னமே யாரோ நடந்திருக்கிறார்கள் என்று அவரும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாராம்.

"என்ர அடியிலை அடி வைச்சு வாங்கோ. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்காதேங்கோ."

ஸ்ரெல்லா என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். வெடி எடுத்துத் துப்புரவாக்கிய ஒடுங்கிய பாதையில், சிவப்புக் கம்புகளுக்கு நடுவே, பிள்ளையின் அடி நேராகப் போயிருந்தது. ஒரு வளைவில் கம்புக்கு வெளியே. ஏழெட்டு அடி அப்படியே வெளியே. பிறகு உள்ளே. அவர் அந்த இடத்தில் நின்று முகத்தைத் துடைத்தார். மாதாவே, மாதாவே என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறது.

அந்தப் பக்கம் பெரிய ரோடு. அரசாங்கப் பள்ளிக்கூடம். முன் வாங்கில் ஜெசிந்தா.

அங்கத்தைய ரீச்சருக்கு ஒன்றும் தெரியாது. சீருடையோடு வந்து நின்ற பிள்ளையை உள்ளே கூப்பிட்டு இருத்தினாராம், அவ்வளவுதான். ஸ்ரெல்லா மகளுக்கு ஒரு அடி போட்டாள், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு குழறினாள். ஜெசிந்தா அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நான் அங்கை வரேல்லைத்தானே ரீச்சர்."

ஒக்டோபர் 6, புதன்

நல்ல மழை. ஒழுக்குக்கு மூன்று வாளி.

சேர் பணிஸ் வாங்கிக் கொடுத்தார். வாசிப்பு மிக நன்று என்று மேடம் சொல்லிவிட்டுப் போனாராம். நிதியத்துச் செயலாளர் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்து வாழ்த்தினாராம். இடாப்புக் கூப்பிட்டேன், எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது. சேர் எட்டிப் பார்த்து முழு வரவு என்று மெச்சினார்.

பின்னேரம் ஸ்ரெல்லாவைக் கண்டேன். ஜெசிந்தா இனி அங்கேதான் படிப்பாளாம், பெரிய ரோட்டாலே தானே கூட்டிக்கொண்டு போவாளாம். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருக்கும்.

அந்த ஏழெட்டு அடி கண்ணைவிட்டுப் போகவில்லை. கரும்பலகையில் எழுதும்போதும் அதுதான்.

ஒக்டோபர் 7, வியாழன்

இன்றைக்கு மேடம் ரோட்டடிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். மத்தியானம் பாண்காரன் சொன்னான். அங்கே முன் வாங்கில் யார் இருப்பது என்று எனக்குத்தானே தெரியும்.

2.00: கந்தோரிலிருந்து தொலைபேசி. நாளை 9.30. நான் மட்டும். இடாப்போடு.

சேரின் முகம் பேயறைந்ததுபோல. நான் சொல்லித்தான் வெட்டினது என்று சொல்லிவிடாதேங்கோ என்றார். கோபம் வரவில்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சொல்ல யோசித்தவை:
– பெற்றோர்தான் இந்தியா திரும்பிப் போவதாகச் சொன்னார்கள். (ஸ்ரெல்லா மாட்டுப்படுவாள்.)
– பிழையான வரிசையில் கோடு விழுந்துவிட்டது. (மூன்று தரமா?)
– உண்மை. (வேலை போகும்.)

ஒக்டோபர் 8, வெள்ளி

மன்னார் பஸ் நிலையத்திலிருந்து எழுதுகிறேன். அடுத்த பஸ் மூன்று மணிக்கு.

கந்தோர் வாங்கில் 11 மணிவரை இருந்தேன். பக்கத்தில் இடமாற்றத்துக்கு அழுதுகொண்டு ஒரு ரீச்சர். தண்ணீர் குடிக்கப் போனால் கூப்பிட்டுவிடுவார்களோ என்று போகவில்லை.

மேடம் இடாப்பைத் திறக்கவேயில்லை. நேற்று ஜெசிந்தா தனக்கு நாலு வரி வாசித்துக் காட்டினாள் என்றார். விரல் வைத்து, எழுத்துக்கூட்டி. நிறைய நேரம் எடுத்தது, முடிக்கும்வரை தான் பார்த்துக்கொண்டு இருந்ததாகச் சொன்னார். ஜெசிந்தா முடிக்கும்வரை நான் ஒரு நாளும் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. இரண்டு சொல் தடக்கினால் அடுத்த பிள்ளை.

அவர் கேட்கும்முன்னமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சேர் சொன்னது, நான் வெட்டியது, செவ்வாய் பேசாமல் நின்றது, பனங்கூடல். அழுகையோடுதான். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கையெழுத்து வைக்கச் சொன்னார், வைத்தேன். இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் இப்போதைக்கு அனுமதி இல்லை என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழும்பினேன். நெஞ்சுக்குள் கொஞ்சம் இலேசாகக்கூட இருந்தது.

"மூண்டு பிள்ளையள் எண்டனீங்கள். மற்ற ரெண்டு பேரும் இப்ப எந்தப் பள்ளிக்கூடத்திலை?"

இடாப்பைத் திறந்தேன்.

அவரவர் வீட்டில். செவ்வாய்க்கிழமை நான் தேடிப் போனபோது இருந்த அதே வீட்டில். புதனும் வியாழனும் இடாப்புக் கூப்பிட்டேன், எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது, அவர்களுடைய பெயர் அதில் இல்லை. எனக்கு ஞாபகமே வரவில்லை. ஜெசிந்தாவை நினைத்துப் பயந்தேன், மேடத்துக்குப் பயந்தேன், வேலை போகுமென்று பயந்தேன். அவர்கள் இரண்டு பேரும் நான் சொல்லும்வரைக்கும் என்று காத்திருக்கிறார்கள்.

நான் இன்னும் சொல்லவில்லை.