ஏழாம் மாதத்துக் கிரகணம்

அத்தான்,

இன்று சூரிய கிரகணம். உடுவில் வீட்டில் அக்கா காலையிலேயே யன்னல்களைச் சாத்திவிட்டாள். கத்தியையும் அரிவாளையும் பழஞ்சீலையில் சுற்றி அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு, இருட்டறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அறுபது தாண்டியவளுக்கு வயிற்றில் பிள்ளை உண்டாகி, அதற்குப் பழுது வந்துவிடப் போகிறதா? கொழும்பிலிருந்து வந்து நிற்கும் நான் அவளைப் பார்க்கிறேன், உங்களை நினைக்கிறேன். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு உங்களைப் போல ஓர் அத்தான் வாய்த்திருக்கமாட்டார்.

எண்பதுகளில் சுன்னாகத்து ரியூட்டரியில் உயிரியல் படிப்பித்த நீங்கள் ராசா. கிடுகுக் கொட்டில் நிறையப் பிள்ளைகள். மேலே ஹெலிகொப்டர் சுற்றினால் எல்லோரும் வாங்குப் பலகைக்குக் கீழே பதுங்குவோம். சத்தம் அடங்கியதும் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே கருவியலைத் தொடங்குவீர்கள். அந்த வீரத்துக்கே உங்களைக் கும்பிட்ட பெடியள் இருந்தார்கள். நானும் என் அக்காவின் மனுசன் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டவள்தான்.

ஒருநாள் கரும்பலகையில் நிறச் சோக்கால் ஒரு கருவின் முகத்தை வரைந்தீர்கள்.

"கண் ரெண்டாத் துவங்கிறேல்லை. முதல் ஒரே பட்டைதான். நடுவிலையிருந்து 'பிரி' எண்டு ஒரு செய்தி வரவேணும். வராட்டி ஒற்றைக் கண்தான். மனுசரிலை நாலாம் கிழமையோடை அந்த அலுவல் முடிஞ்சுது. பிறகு ஆர் வந்தாலும் மாத்தேலாது."

அப்போது அக்கா உங்கள் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஏழாம் மாதத்தில் ஒரு கிரகணம் வந்தது. முற்றத்தில் காயப்போட்டிருந்த பனங்கிழங்கு ஒடியலில் ஆடு வாய் வைக்க, உள்ளே படுத்திருக்க வேண்டியவள் எழும்பி ஓடிப்போய்க் கலைத்தாள். செய்தது அவ்வளவுதான். பிள்ளை பிறந்தபோது அதன் முகத்தின் நடுவே ஒரே கண். கொஞ்ச நேரம் மூச்சிருந்தது. ஒருமுறை தூக்கத் தரச்சொல்லி அக்கா கெஞ்சினாள். உங்கள் அம்மா துணியால் மூடிக்கொண்டு போய்விட்டார்.

தீட்டுத் துடக்குக் கழித்த அன்று எங்கள் வீட்டாரும் வந்திருந்தோம். விறாந்தையில் எல்லோருக்கும் கேட்கத்தான் உங்கள் அம்மா கதைத்தார்.

"கிரகணத்துக்கை முத்தத்திலை இறங்காதை எண்டு சொன்னனான். கேட்டாளே உவள்? என்ரை பேரப்பிள்ளையைத் திண்டுபோட்டாள்."

அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அப்பா உங்கள் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் உதுகளைப் படிப்பிக்கிறனீர். நீர் ஒரு வார்த்தை சொல்லும்."

அக்காவும் உங்களைத்தான் பார்த்தாள். நீங்கள் சொன்னால் அவளுக்கு அது வேதம். நாலாம் கிழமைக்கும் ஏழாம் மாதத்துக்கும் உள்ள தூரத்தை அந்த விறாந்தையில் அறிந்தவர்கள் இரண்டு பேர். நான் பாவாடைச் சட்டை போட்ட பெட்டை. என் வாய் திறக்க முதல் அம்மா என் தொடையில் கிள்ளிவிட்டார். நீங்களோ ஊர் மதிக்கும் மாஸ்ரர். தொண்டையைச் செருமி, தாயின் முகத்தை ஒருக்கால் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்:

"அம்மா சொல்லுறதிலையும் ஒரு விஷயம் இருக்கு, மாமா."

அன்று பின்னேரமே அக்காவை நாங்கள் கூட்டிவந்தோம். அடுத்த கிழமை அதே முகத்தை, அதே நிறச் சோக்கால், இன்னொரு வகுப்புக்கு வரைந்தீர்களாம். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில். ஹெலிகொப்டருக்குப் பயப்படாத மனுசன் ஒரு கிழவியின் நாக்குக்குப் பயந்தீர்கள். பிறகு கனடா, அங்கே இன்னொரு கலியாணம். அக்காவுக்கு ஒரு கடதாசித் துண்டும் வரவில்லை.

நீங்கள் 'செய்தி' என்று சொன்னதற்கு இப்போது பெயர் உண்டு. முள்ளெலி. பழ ஈயில் அந்த மரபணு பழுதானால் புழுவின் உடம்பெல்லாம் முள்ளாகிவிடும் என்பதால் வைத்த பெயர். முகத்தின் நடுவை அமைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். வேலை முடிந்ததும் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வளர்ந்த ஒருவரின் தோலில் அதன் பூட்டு உடைந்து ஓயாமல் கத்தத் தொடங்கினால் புற்றுநோய். கத்தவேண்டிய நேரத்தில் மௌனம், மௌனமாக இருக்கவேண்டிய நேரத்தில் கத்தல். இந்தக் குணம் உங்களிடம் இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆம், உங்கள் மூக்கில் வந்ததும் அதுதான். திசுக்களைச் சோதிக்கும் டொக்டராக நான் வேலை செய்வதை எங்கோ அறிந்து, இத்தனை வருசத்துக்குப் பிறகு, நான் உடுவிலில் வந்து நின்ற ஒருநாள் போன் எடுத்து றிப்போர்ட்டை வாசித்தீர்கள். உயிருக்கு மோசமில்லை, வெட்டினால் சரி என்றேன். உங்களுக்கு அது போதவில்லை.

"எனக்கேன் மச்சாள் இது வந்தது? ஒருத்தருக்கும் ஒரு பிழையும் விடேல்லையே நான்."

"கிரகணத்துக்கை முத்தத்திலை இறங்கினீங்களோ அத்தான்?"

நான் விடவில்லை. "அக்கா பக்கத்து அறையிலைதான் இருக்கிறா. குடுக்கிறன். உம்மிலை பிழையில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"பழசை ஏன் இப்ப கிளறுவான்?" என்று போனை வைத்துவிட்டீர்கள். மூக்கு ஆறியது. பிறகு ஒருநாள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தீர்கள். மரண அறிவித்தலில் 'அறிவொளி பரப்பிய ஆசான்' என்று போட்டிருந்தார்கள். வாசித்துச் சிரித்தேன் அத்தான், வயிறு நோகச் சிரித்தேன்.

அக்காவின் பிள்ளையைப் போல ஒன்று இறந்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தால் நான் றிப்போர்ட்டை மட்டும் அனுப்புவதில்லை. ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய், மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே தாயின் கையைப் பிடித்துச் சொல்வேன்: "அந்தச் செய்தி ஏன் தவறினது எண்டு எப்பவும் சொல்லேலாது. ஆனா நாலாம் கிழமையோடை முடிஞ்ச அலுவல் இது. உங்கடை பிழையில்லை." அந்த வசனம் உங்களுடையது. நீங்கள் விறாந்தையில் விழுங்கியதைத்தான் நான் வாட்டு வாட்டாகக் கொண்டு திரிகிறேன். எத்தனையோ பேர் நம்பி அழுதிருக்கிறார்கள்.

சற்றுமுன் இருட்டறைக்குள் போய் அக்காவுக்கும் அதையே திரும்பச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா அவர் படிச்ச மனுசன். பிழையில்லையெண்டா அண்டைக்குச் சொல்லியிருப்பார்தானே?"