பேரிக்காய் சீவும் காட்சி

கியோத்தோ
8 அக்டோபர் 1985

மித்சுயோவுக்கு,

நலம்தானே? அங்கே கடற்காற்று கடுக்கத் தொடங்கியிருக்கும். உன் மூட்டுவலியை விசாரிக்கும் உரிமை விவாகரத்தான பிறகும் எனக்கு உண்டா, தெரியவில்லை. கேட்டு வைக்கிறேன். எனக்குச் சர்க்கரை. சாக்கே மது குடிப்பதை விட்டாயிற்று என்றால் நீ நம்பமாட்டாய்.

விஷயம் இதுதான். நான் இயக்கி நீ படத்தொகுப்பு செய்த ‘உப்புக்காற்று’ படத்தை இங்கே ஒரு கல்லூரியில் பாடமாக வைக்கப்போகிறார்கள். செரிஸாவா என்று ஓர் ஆசிரியை, மாணவியா ஆசிரியையா என்று சொல்ல முடியாத வயது, விடாப்பிடியாக நிற்கிறாள். புதுப் பிரதி எடுக்க வேண்டும். நம் படக் கம்பெனியை மூடியபோது நாம் பிரித்துக்கொள்ளாத ஒரே சொத்து அந்த நெகட்டிவ்தான். உன் சம்மதமும் வேண்டுமாம். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், உன் பெயர் முத்திரையைப் போட்டு அனுப்பு.

போன வாரம் வகுப்புக்குப் போயிருந்தேன். பேரிக்காய் சீவும் காட்சியைப் போட்டார்கள். இசை இல்லை, வெட்டு இல்லை, தரையில் உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் கேமரா. முடிந்ததும் ஒரு பையன், “சார், அந்தம்மா எந்த நாடகக் குழு? பாதி சீவிட்டு, எதுக்குச் சீவுறோம்னே மறந்துபோய் கத்தியப் பாக்குறாங்களே, அத எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?” என்றான். சிரித்து மழுப்பிவிட்டேன்.

தெய்ஜி


தொத்தோரி
19 அக்டோபர் 1985

இனாபா தெய்ஜி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி அப்படியேதான். சர்க்கரைக்கு வெறும் வெள்ளை அரிசி நல்லதில்லை, பார்லி கலந்து பொங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்சியை எடுத்துவிட்டுப் பிரதி போடுங்கள். அதற்குச் சம்மதம்.

பையனிடம் மழுப்பியது போல நீங்களும் மறந்திருக்கலாம். நான் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரத்தில், நினைவு தப்பிக்கொண்டிருந்த என் அம்மாவை, பக்கத்து அறையில் கேமராவை ஒளித்து வைத்து எடுத்தீர்கள். எனக்குத் தெரிந்தது சுருள் என் மேசைக்கு வந்தபோதுதான். “இத வெட்டிடுங்க”ன்னேன். “இதுதான்டி படமே”ன்னீங்க. அந்தச் சுருளை வேறு ஆளை வைத்துத் தொகுத்தீர்கள். படம் வெளிவந்தபோது அம்மா இல்லை. நான் இதுவரை அதை முழுதாகப் பார்த்ததும் இல்லை.

படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. என்னிடமே இருக்கட்டும்.

மித்சுயோ


கியோத்தோ
27 அக்டோபர் 1985

மித்சுயோவுக்கு,

அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் குடும்பச் சண்டை. அந்த மாதிரிப் படம் ஊரில் நூறு இருக்கிறது. பிள்ளைகள் படிக்க வருவது அந்தக் காட்சியைத்தான். செரிஸாவாவிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். “அவங்க வேண்டாம்னா வேண்டாம் சார், வேற படம் பாத்துக்கலாம்” என்றுவிட்டாள். நான்தான் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பரில் உங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் பழைய பிரதியைப் போடுகிறார்கள். ஒரு தடவை போய்ப் பார். பார்த்த பிறகும் முடியாது என்றால் நான் மறுபடி கேட்கமாட்டேன்.

தெய்ஜி


தொத்தோரி
24 நவம்பர் 1985

இனாபா அவர்களுக்கு,

போனேன். அம்மாவின் தம்பி யோஷிஹெய் மாமாவும் கூட வந்தார். அவருக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை, அதனால் பேசுவதெல்லாம் கத்தல்தான்.

அம்மா திரையில் வந்ததும், “அடி மித்சு, நம்ம அக்காடி!” என்று போட்டாரே ஒரு சத்தம், அரங்கமே திரும்பிப் பார்த்தது. “தோலு அறாம சீவுது பாரு. அக்காவுக்கு மட்டும்தான் அது வரும்.” பிறகு, “தல வாராம எடுத்திருக்கானே, படுபாவிப்பய. ஒரு வார்த்த கேட்டிருந்தா நல்ல கிமோனோவாக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குமே” என்றார். யாரும் அவரை அதட்டவில்லை.

நான் என் தொழில் புத்தியோடுதான் உட்கார்ந்திருந்தேன். எங்கே வெட்டலாம் என்று பார்த்தேன். அம்மா கத்தியைப் பார்க்கிறாள், தோலை எடுத்து வாயில் போடுகிறாள், ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். வெட்ட இடமில்லை. இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று சில நாள் இருந்தேன்.

படிவத்தில் முத்திரை போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்று மட்டும் செய்ய வேண்டும். புதுப் பிரதியில், நடித்தவர்கள் பெயர் வருமிடத்தில் முதல் பெயர் என் அம்மாவுடையதாக இருக்கட்டும். இயக்குநரின் மாமியார் என்றெல்லாம் வேண்டாம். பெயர் மட்டும்.

மித்சுயோ


கியோத்தோ
30 நவம்பர் 1985

மித்சுயோவுக்கு,

படிவம் வந்து சேர்ந்தது. நன்றி என்று எழுதினால் நீ சிரிப்பாய். நீ சொன்னபடியே முதல் பெயர். செரிஸாவாவும் குதூகலமாக இருக்கிறாள்.

மார்ச்சில் முதல் காட்சி. நீ வரவேண்டும். என் பக்கத்து நாற்காலியை வைத்திருப்பேன். முடிந்ததும் ஆற்றங்கரையில் நாம் வழக்கமாகச் சாப்பிட்ட கடைக்குப் போகலாம், அது இன்னும் இருக்கிறது. இந்த வயதில் நீ அங்கே ஒண்டியாய், நான் இங்கே ஒண்டியாய் இருப்பதில் யாருக்கு என்ன லாபம், யோசித்துப் பார்.

இன்னொன்று. பெயர் எழுதுகிறவர் அவசரப்படுத்துகிறார். ஒரே பெயரைப் பல விதச் சித்திர எழுத்துகளில் எழுதலாமே, உன் அம்மாவின் பெயரை எந்த எழுத்துகளில் எழுதுவது? உள்ளதைச் சொல்கிறேன், எழுத்து மட்டுமில்லை, பெயரே சட்டென்று பிடிபடவில்லை. அத்தை, அத்தை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதா. ஹருவா, ஹிசாவா? ‘ஹ’வில் தொடங்கும் என்று ஞாபகம். உடனே பதில் போடு.

தெய்ஜி


தொத்தோரி
5 டிசம்பர் 1985

இனாபா அவர்களுக்கு,

‘ஹ’வில் தொடங்காது.

அம்மாவின் பெயரைச் செரிஸாவா ஆசிரியைக்கு நேராகவே எழுதி அனுப்பிவிட்டேன். பெயர் எழுதுகிறவரிடம் அவரே கொடுத்துவிடுவார்.

மார்ச்சில் நான் வரவில்லை. எனக்கென்று வைத்த நாற்காலியை யோஷிஹெய் மாமாவுக்குக் கொடுங்கள். அவர் சத்தமாகப் பேசுவார், பேசட்டும், விடுங்கள். அந்தக் கடைக்கும் அவரையே கூட்டிப்போங்கள், மீன் முள்ளை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பெயர் திரையில் வரும்போது எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் படித்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் வேண்டாம்.

மித்சுயோ