பஞ்சு மூட்டைகளும் ஒரு சுவர்க்கோழியும்

3 பிப்ரவரி 1949, வியாழன். அரியலூர்.

சென்னையிலிருந்து கிராமபோன் கம்பெனி ஏஜெண்டு பாலசுந்தரம் வந்திருந்தார். எங்கள் கூடத்தில் என்னைப் பாட வைத்து, பேட்டரி யந்திரத்தில் ஒரு மாதிரித் தட்டு எடுத்து, உடனே போட்டும் காட்டினார். கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடியது போல் இருந்தது. "குரல்ல குத்தமில்லம்மா. கூடம்தான் எதிரொலிக்குது" என்றார். பதினாறாம் தேதி திருச்சியிலிருந்து திரும்பும்போது இன்னொரு தட்டு எடுப்பாராம். அதுவும் இப்படி இருந்தால் கம்பெனிக்கு என் பெயரைச் சொல்ல மாட்டார்.

கல்யாணத்தோடு நாடக மேடையை விட்டேன், சம்மதித்துத்தான் விட்டேன். பாட்டையும் விடுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கூடம்தானே? சரி பண்ணிவிடலாம்.

6 பிப்ரவரி.

கை தட்டினால் சுவர் திருப்பித் தட்டுகிறது. வீட்டிலுள்ள ஜமக்காளம், போர்வை எல்லாவற்றையும் சுவரில் மாட்டினேன். பாதி அடங்கியது. நாத்தனார் கலியம்மாள் எட்டிப் பார்த்து, துணிக்கடை வைக்கப் போகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

9 பிப்ரவரி.

மிச்சச் சத்தம் மூலைகளில்தான் உருளுகிறது. கோணியில் வைக்கோல் அடைத்து மூலைக்கு மூலை நிறுத்தினேன். தெருச் சத்தத்துக்காக ஜன்னல்களையும் மூடியாயிற்று. இப்போது கை தட்டினால் சுவர் வாயைத் திறப்பதில்லை. என்னை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்திருக்கலாம்.

10 பிப்ரவரி.

அதிகமாகப் போய்விட்டது. நாலு சுவரையும் மூடினால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்காததால் கத்துகிறேன். எனக்கு எதிரே உள்ள சுவரில் மட்டும் துணியைக் கழற்றினேன். குரலுக்கு உயிர் வந்தது.

12 பிப்ரவரி.

பாட்டு நடுவில் ஒரு சுவர்க்கோழி கிரீச்சிடுகிறது. பட்டப்பகலில்! வைக்கோலோடு வந்திருக்கிறது. ஜன்னலை மூடினேன் இல்லையா, அதற்கு ராத்திரியாகிவிட்டது. தேடிப் போனால் நிறுத்துகிறது, பாட ஆரம்பித்தால் ஆரம்பிக்கிறது. நாலு நாள்தான் இருக்கு. இப்ப நான் என்னதான் பண்றது? உட்கார்ந்து அழுதேன்.

13 பிப்ரவரி.

பின்கட்டில் அவருடைய பஞ்சு மூட்டைகள் இருக்கின்றன. அவர் என்றால் என் வீட்டுக்காரர் இளையபெருமாள். பெயரை எழுதினால் கை வெந்துவிடாது. செட்டிகுளத்துப் பக்கம் வாங்கியது, விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறார். நாலைந்து மூட்டை கேட்டேன்.

"அது யாவாரச் சரக்கு. வெளையாட்டுச் சாமானில்ல."

சுருக்கென்றது. "வெளையாட்டுன்னா அப்ப எதுக்குங்க தெனமும் நாடகத்துக்கு வந்து முன்வரிசையில உக்காந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஊரே கை தட்டும்போதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன். சாப்பிட்டு எழுந்த பிறகு, பதினாறாம் தேதி முடிந்ததும் அத்தனை மூட்டையும் பெரம்பலூருக்குப் போய்விட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

16 பிப்ரவரி.

வைக்கோல் வெளியே, பஞ்சு உள்ளே. தட்டில் என் குரல் மட்டும்தான். பாலசுந்தரம் கேட்காமலே இரண்டாம் முறை போட்டார். எந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்தீர்கள் என்றார். எங்கள் வீட்டில்தான் என்றேன். என் வீட்டுக்காரர் பெரம்பலூருக்குப் போயிருந்தார். இருந்து கேட்டிருக்கலாம்.

17 பிப்ரவரி.

மூட்டைகள் போய்விட்டன. கூடம் மறுபடியும் கிணறு.

8 ஏப்ரல்.

கடிதம் வந்துவிட்டது! கம்பெனிக்குக் குரல் பிடித்திருக்கிறது. இன்னும் இரண்டு பாட்டு மாதிரி எடுக்க அடுத்த மாதம் பாலசுந்தரம் வருகிறார். வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ம் என்றார். ம் என்றால் என்ன அர்த்தம்?

11 ஏப்ரல்.

வாசலில் வண்டி நின்றது. புதுப் பஞ்சு. வழக்கம்போல் பின்கட்டுக் கதவைத் திறக்கப் போனேன்.

"அங்க வேணாம். கூடத்துல எறக்கச் சொல்லு" என்றார்.

மூலைக்கு மூலை அவரே நகர்த்தி வைத்தார். எனக்கு எதிர்ச் சுவரை மட்டும் விட்டுவிட்டார். எப்போது கவனித்தாரோ. பிறகு நடுக்கூடத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், ஒரு தரம் கை தட்டிப் பார்த்தார்.