ரெயில் கவர்

அண்ணை,

கடல் வந்து எங்கள் கரையை வழித்துக்கொண்டு போன மார்கழிக்கு அடுத்து வந்த ஆடி அது. ஒலிம்பிக் லண்டனுக்குத்தான் என்று சனம் துள்ளியது. மறுநாள் காலை ரெயிலுக்குள் குண்டு வெடித்து, துள்ளின சனமே வாயடைத்துப் போனது. அந்த வருஷத்தின் மணம் போன சனிக்கிழமை எங்கள் பிளேஸ்டோ வீட்டுக் குசினி மேசையில் திரும்ப அடித்தது. புது ரப்பர் மணம்.

எனக்கு எழுத்துத் தெரியாதென்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள்.

மணம் மருமகன் சுதனின் பார்சலில் இருந்து வந்தது. நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ஒரு புதுப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கென்ற் பக்கம் ஒரு காட்டுக்குள் போய், பிளாஸ்ரிக் குண்டு போட்ட விளையாட்டுத் துவக்கோடு ஓடி ஒளிகிறார். "துவக்குக்குப் பயந்து அப்பா ஓடி வந்தவர். இவர் காசு குடுத்துத் துவக்குக்குப் பின்னால ஓடுறார்" என்று மகள் நக்கலடிப்பாள். அவர் சிரித்துக்கொண்டு சப்பாத்துக் கட்டுவார்.

பார்சலுக்குள் மூன்று விதமான கவர். துவக்கின் முன்பக்கம், இடது கை பிடிக்கிற இடத்தில், பல்லுப் பல்லாக நீளக் கம்பி ஓடும் அல்லவா, அதன் மேல் மாட்டுகிற கவர். ஒன்று ஏணி மாதிரி மெல்லிசு. ஒன்று வழுவழுத்த பிளாஸ்ரிக். மற்றது பிஸ்கட் மாதிரிச் சதுரம் சதுரமாய் அச்சு வைத்த ரப்பர்.

"மாமா, நீங்கள் முந்தி இந்த வேலைதானே செய்தனீங்கள்? ஒண்டைத்தான் வைச்சிருப்பன், மற்றதுகளைத் திருப்பி அனுப்போணும். எது நல்லம்?"

நான் கண்ணை மூடினேன். கை தானாகப் பிஸ்கட்டுக்குப் போனது.

அது என் கை இல்லை அண்ணை. உங்களுடையது.

ரெயில் பாலத்துக்குக் கீழே இருந்தது நீங்களும் நானும் வேலை செய்த ரப்பர்ப் பட்டறை. தலைக்கு மேல் ரெயில் போனால் தேத்தண்ணிக் கோப்பை நடுங்கும். குண்டு வெடித்த கொஞ்ச நாளில் பெரிய ஓடர் ஒன்று வந்தது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க நான் எங்கே போவேன்? நீங்கள் இங்கிலீஷை எழுத்துக் கூட்டுவீர்கள். ஆர், ஏ, ஐ, எல்.

"ரெயில்தானடாப்பா. ரெயில் கவர். உடைஞ்ச ரெயிலுகளைத் திருத்தப் போறாங்கள். சனம் பிடிக்கிற தடியளுக்குப் போடுறது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ரெயிலுக்குக் கீழே இருந்துகொண்டு ரெயில் கவர் செய்யாமல் வேறு என்ன செய்வார்கள்?

மேற்பார்வைக்கு இருந்த பற்றிக் என்ற ஐரிஷ்காரன் ஒருநாள் ஐந்தாறு மாதிரியைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள், ஈரக் கையாலும் பிடியுங்கள் என்றான். நாங்கள் எல்லாரும் சும்மா தொட்டுவிட்டு வைத்தோம். நீங்கள் குழாயடிக்குப் போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்து, கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் பிடித்து உடம்பை ரெயிலில் ஆடுவது மாதிரி ஆட்டிப் பார்த்தீர்கள். பெட்டி அடைக்கிற குஜராத்திக் கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

"சிரியாதேங்கோ. ஒரு பிள்ளைத்தாச்சி நிண்டுகொண்டு வாறா எண்டு வையுங்கோ. ரெயில் சட்டெண்டு பிரேக் போடுது. வேர்த்த கை. வழுக்கினா என்ன கதி?"

பிஸ்கட் அச்சு வைத்ததை எடுத்துப் பற்றிக்கிடம் கொடுத்தீர்கள். அவன் உங்கள் முதுகில் தட்டினான். அந்த அச்சையே போட்டார்கள்.

அன்றைக்கு ஊருக்கு ரெலிபோன் எடுத்து உங்கள் மனிசி அக்காவுக்குச் சொன்னீர்கள். "லண்டன் ரெயிலில பிடிக்கிற பிடி இனி நான் தெரிஞ்செடுத்தது. நீர் வந்து பிடிச்சுப் பாரும்." பக்கத்தில் நின்ற எனக்கே அவ சிரித்தது கேட்டது. மகன் போனபிறகு அவ சிரித்ததை நான் கேட்டது அப்போதுதான். உங்களுடைய ஒரே மகன். ரியூசனுக்குப் போன பிள்ளை, சந்தியில் சைக்கிளோடு விழுந்து கிடந்தான். யார் சுட்டார்கள் என்று கண்டவர்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அக்காவின் வாயில் துவக்கு என்ற சொல்லே வராது. "அது" என்பா.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. ஓடர் கொடுத்த இடத்து ஆள் ஒருவன் நீளப் பெட்டியோடு வந்தான். கவர் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பெட்டியைத் திறந்து அதை எடுத்தான். நீங்கள் தெரிந்தெடுத்த கவரை அதன் முன்பக்கக் கம்பியில் தள்ளினான். அந்தக் கம்பிக்கும் இங்கிலீஷில் ரெயில் என்றுதான் பேராம். டக்கென்று போய் இருந்தது. இடது கையால் பிடித்து, தோளில் வைத்து, "லவ்லி" என்றான்.

நீங்கள் குழாயடிக்குப் போனீர்கள். கையைக் கழுவினீர்கள், கழுவினீர்கள், கழுவிக்கொண்டே நின்றீர்கள். நான் போய்த் தண்ணியைப் பூட்டினேன்.

"உனக்கு முந்தியே தெரியுமோ?"

"சத்தியமாத் தெரியாது அண்ணை."

"சுடுறவனுக்குக் கை வழுக்கக்கூடாதெண்டு பார்த்துப் பார்த்து எடுத்துக் குடுத்திருக்கிறன்." கையைத் துடைத்துக்கொண்டு, "அவவுக்குத் தெரியக்கூடாது" என்றீர்கள்.

நான் என்றால் அன்றே வேலையை விட்டிருப்பேன் என்று வாயால் சொல்லலாம். அக்காவின் விசா உங்கள் வேலையில்தான் தொங்கிக்கொண்டு நின்றது. வேலை இல்லையென்றால் அவ வர ஏலாது. அதனால் நின்றீர்கள். அன்று தொட்டுக் கையுறை போட்டுக்கொண்டுதான் எதையும் தொட்டீர்கள். வெறுங்கையால் ரப்பரைத் தடவி நல்லது கெட்டது சொல்கிற மனிதன், கோடையிலும் கையுறை. பற்றிக் தோல் வருத்தமோ என்று கேட்டான். ஓம் என்றீர்கள்.

மாசியில் அக்கா வந்தா. விமான நிலையத்தில் இருந்து மூன்று பேரும் சூட்கேசோடு ரெயிலில் வந்தோம். பிளேஸ்டோவுக்கு வருகிற ரெயிலில் தடியெல்லாம் பச்சை. அவ புதுக் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு அந்தத் தடியைப் பிடித்தா. தடவினா.

"இதுவோ உங்கட?"

"ஓம்" என்றீர்கள். சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள். வெளியே சுரங்கச் சுவர்.

அவ காலூன்றியதும் அந்த வேலையை விட்டு, இல்ஃபோர்டில் அரிசி மூட்டை தூக்கப் போனீர்கள். இடுப்பு நாரி போனது. பிறகு ஒவ்வொன்றாய்ப் போனது. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவ கோப்பி எடுக்கப் போன நேரம், "அவ ரெயிலிலேயே போகட்டும். இறக்கிப்போடாதை" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவது லேசு அண்ணை. சொல்லாமல் இருப்பதும் ஒரு வேலைதான். அதற்கு லீவும் இல்லை, பென்சனும் இல்லை. எனக்குக் களைக்கிறது.

போன சனிக்கிழமை, சுதன் அந்த மூன்றையும் பரப்பி வைத்திருக்க, அக்கா வந்தா. செவன் கிங்ஸில் தன் தங்கச்சியின் மகளோடு இருக்கிறா, மாதத்தில் ஒருக்கால் எங்களுக்குப் பருத்தித்துறை வடை சுட்டுக்கொண்டு வருவா. கண் இப்போது மங்கல். பையை வைக்க இடம் தடவின கை பிஸ்கட் கவரில் பட்டது. எடுத்தா. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தா.

"இது அவரின்ர எல்லோ?"

அவவின் விரல் சதுரங்களைத் தடவியது.

"ரெயிலுக்குப் போடுறது. எனக்குச் சொன்னவர், சதுரம் சதுரமா இருக்குமெண்டு. இப்ப ரெயிலுகளில இதைக் காணேல்லை. கழட்டிப்போட்டாங்கள் போல."

சுதன் வாயைத் திறந்தார். "இல்லை மாமி, இது துவ..."

"துவைச்சுக் கழுவி வைச்சிருக்கிறார்" என்றேன். "பழைய ரெயிலில கழட்டினதுகள். ஒன்லைனில விக்கிறாங்கள் அக்கா. சுதன் ஆசைக்கு வாங்கினவர்."

சுதன் என்னைப் பார்த்தார். பிறகு அவவின் கையைப் பார்த்தார். விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்திருந்தேன் அண்ணை, இல்லை. "ஓம் மாமி. அதுதான் இருக்கிறதுக்குள்ள நல்லது. நீங்கள் கொண்டு போங்கோ" என்றார்.

அவ அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தா. உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கப் போறாவாம். "ஈரக் கைக்கும் வழுக்காது" என்று எனக்குச் சொல்லித் தந்தா.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அவளுக்கு இன்றைக்குத்தான் முழுதும் தெரியும். எழுது பிள்ளை, முடியப்போகிறது.

பற்றிக் போய்விட்டான். குஜராத்திக் கிழவி போய்விட்டா. நீங்களும் போய்விட்டீர்கள். அந்தப் பட்டறையையும் இடித்துப்போட்டார்கள். என்னை விடுங்கள், நான் பாதி அங்கேதான். நீங்கள் ஏற்றிவிட்ட ரெயிலில் இன்னும் பிடியை விடாமல் நிற்பது ஒரே ஒரு ஆள். நான் இருக்கும்வரை இறக்க மாட்டேன்.

எங்கள் மங்கையற்கரசி அக்காவை.