பேஜாருக்கு அது சொன்ன அர்த்தம்

என் ஸ்டெல்லாக்கா,

மேலே போயும் யாரோடாவது மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேள். வரும் ஞாயிறு உனக்கு வருஷப் பூசை. பூசை முடிந்ததும் ஆஸ்டின் டவுன் சர்ச் ஹாலில் உன்னைப் பற்றி நான்தான் பேச வேண்டுமாம். உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஒரு பக்கம் எழுதிக்கினு வாம்மா. பகல் பூரா அவகூட இருந்தது நீதானே" என்றார்.

எழுத்துதானே நம் பிழைப்பு, ஒரு பக்கம் என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். வாஷிங் மெஷினுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பக்கம் பக்கமாகக் கையேடு எழுதுகிறவளுக்கு உன்னைப் பற்றி ஒரு வரி வரவில்லை.

நீ போன பிறகு நாம் எழுதுகிற டாக்குமென்ட் ஆப்பிலேயே ஒரு புதுப் பட்டன் வந்திருக்கிறது. நாலு வார்த்தை கொடுத்தால் போதும், ஏ.ஐ. மளமளவென்று எழுதித் தள்ளுகிறது. ஆபீஸில் யாரும் யாரிடமும் "இந்த வரி சரியா, பாரேன்" என்று இப்போது கேட்பதில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் நம் மாடி முழுக்க ஒரே அமைதி. உனக்குப் பிடிக்காது.

மதியம் எல்லோரும் சாப்பிட இறங்கியபோது அதில் உன் பெயரைப் போட்டுப் பார்த்தேன். "பொறுமையின் சிகரம், கோபமே அறியாத புன்னகை" என்றது. ஏசி போடச் சொல்லி டோல்கேட் வரைக்கும் கேப் டிரைவரிடம் கத்திக்கொண்டு வருவாயே, அந்த மனுஷன் இதைப் படிக்க வேண்டும்.

சரி, நானே எழுதுகிறேன் என்று "நீ இல்லாம பேஜாரா இருக்கு" என்று அடித்தேன். கொஞ்சம் அழகாக்கித் தா என்றேன். "நீ இல்லாதது எனக்குப் பெரும் தொல்லையாக இருக்கிறது" என்று திருத்திக் கொடுத்தது!

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதை மட்டும் குறை சொல்ல முடியுமா? திருவண்ணாமலையிலிருந்து வந்த புதிதில் நானும் அப்படித்தானே இருந்தேன். "இன்னிக்கு ரொம்ப பேஜாரா கீதும்மா" என்று நீ சொன்னதும், என் தொல்லை தாங்கவில்லை போலிருக்கிறது என்று டீக்குக்கூட உன்னோடு வராமல் ஒதுங்கிப் போனேன். விஷயம் தெரிந்ததும் மாடியே அதிரச் சிரித்தாய். "அடி லூசு, பேஜாருன்னா மனசு சரியில்லடி. கோலார்ல பொறந்தவ வாயில கன்னடமும் வரும், தமிழும் வரும். நீதான் பாத்துப் புரிஞ்சிக்கணும்."

சிரிப்போடு இதை உன்னிடம் சொல்லத்தான் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். யாருடைய பையோ இருந்தது. அழுகை வந்துவிட்டது, அக்கா.

பிறகு ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். நீ அனுப்பிய பழைய மெசேஜையெல்லாம் அதில் ஒட்டி, ஸ்டெல்லாக்கா மாதிரி எனக்குப் பதில் எழுது என்றேன். "அழாதே தங்கச்சி, என் கண்ணே, நான் உன்கூடத்தான் இருக்கேன்" என்று வந்தது. நீ என்றைக்கு என்னைக் கண்ணே என்றாய்? என் நிச்சயதார்த்தம் முறிந்த அன்றுகூட "அழுதுட்டு சீக்கிரம் வா, டீ ஆறுது" என்றவள்தானே நீ!

பொய் என்று தெரிந்தும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்னொன்று கேட்கலாமா என்று கை துறுதுறுத்தது. தங்கச்சி என்று கூப்பிட இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்து உன் வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டார். எழுதியாச்சா என்று கேட்டார். ஒரே ஒரு வரிதான் அண்ணா என்று பேஜாரைப் படித்துக் காட்டினேன். "அத்த மாத்தாதம்மா. வூட்டுக்குள்ள நுழைஞ்சா எனக்கும் அதேதான் கீது" என்றார்.

போனை வைத்ததும், உன் பெயரில் அது எழுதிய பதிலை அழித்துவிட்டேன். இனி உன்னை மாதிரிப் பேசச் சொல்லி எதையும் கேட்க மாட்டேன். இது சத்தியம். ஆசை வராமல் இருக்காது. வரும்போதெல்லாம் இப்படி உட்கார்ந்து நானே உனக்கு எழுதுவேன். நீ எழுத வேண்டிய இடம் காலியாகவே இருக்கட்டும், அக்கா.

பதில் கேட்டு நச்சரிக்காத,
உன் தங்கச்சி செல்வி