இரண்டு பாடம், ஒரு நாற்காலி

அன்புள்ள பூகோள சாருக்கு,

இல்லை, இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நேற்று போனில், சொல்லிட்டியா என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் கிடங்குல இடைவேளை முடிஞ்சிருச்சு என்று வைத்துவிட்டாய். போனில் நாம் சாப்பாட்டைத் தவிர எதையும் பேசி முடித்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் புவியியலையும் பத்தாம் வகுப்பு உலக வரலாற்றையும் இனி ஒரே ஆசிரியர்தான் எடுக்க வேண்டுமாம். நான் சரி என்றால் உன் இடம் அதோடு மூடப்படும். ஒரு வருஷம் பொறுங்க சார், திரும்ப எடுத்துக்கறோம் என்று உன்னை வேலையிலிருந்து நிறுத்தும்போது சொன்னாரே, அந்தப் பேச்சு இனி இல்லை. நான் முடியாது என்றால் இரண்டும் தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவருவார்கள். எனக்கும் வேலை இருக்காது.

உங்க வீட்டுல ஒருத்தருக்காவது வேலை நிக்கட்டும்மா என்றார். நல்ல மனுஷிதான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கோபப்பட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

பள்ளிச் செயலாளரிடம் வேண்டுமானால் கோபப்படலாம். அவரும் அங்கேதான் இருந்தார். மேப்புதான் எல்லார் போன்லயும் இருக்கே, அதுக்குத் தனியா ஒரு வாத்தியாரா என்று சிரித்தார். நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

உன் மேஜைமேல் இப்போது விடைத்தாள் கட்டுகள். சுவரில் மாட்டும் படங்களையெல்லாம் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். நீ களிமண்ணில் செய்த மலைத்தொடர் ஒரு பக்கம் உடைந்துவிட்டது. பியூன் அதன்மேல் பூட்டுகளை வைக்கிறார். ஓய்வறையில் யாரும் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. நான் உள்ளே வந்தால் வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நீ போனதிலிருந்து விளையாட்டு மாஸ்டர்தான் உன் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்தார், அவ்வளவுதான். காலநிலை மண்டலங்கள் வந்த அன்று, இதெல்லாம் படிச்சா புரியாதுடா, வெளிய வந்து நில்லுங்க புரியும் என்று எல்லோரையும் மைதானத்துக்கு ஓட்டிப் போனாராம். பிள்ளைகளுக்கு மகா சந்தோஷம்.

இந்த வாரம் என்னை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். முதல் பாடம் தீர்க்கக்கோடுகள். எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். கி.மு. ஒன்றுக்கு அடுத்தது கி.பி. ஒன்று, நடுவில் பூஜ்ஜியம் என்று ஓர் ஆண்டு கிடையாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே மாதிரிதான் இதுவும், கிழக்கே முதல் கோடு, மேற்கே முதல் கோடு, நடுவில் ஒன்றும் இல்லை என்று கரும்பலகையில் போட்டே காட்டிவிட்டேன். உனக்குத் தெரியுமே, முன்வரிசையில் ஒரு பெண், நீ சந்தேகம் என்று பெயர் வைத்தவள். எழுந்து போய் உலக உருண்டையைத் திருப்பினாள். அப்ப இந்தக் கோட்டை யாரு மிஸ் போட்டுட்டுப் போனா என்று கேட்டாள். பூஜ்ஜியம் என்று போட்டிருந்த கோட்டின்மேல் விரல்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பூகோள சார் எப்ப வருவாரு மிஸ் என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு நின்றது. கரும்பலகையை அழித்தேன்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது தோன்றியது. என் பாடத்தில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எண் உண்டு. ஒன்றுமே இல்லாத ஆண்டு என்று ஒன்று கிடையாது. நீ போன இந்த வருஷத்தை நான் எதில் சேர்ப்பது?

மாமா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி குறையவில்லை, வாய் குறையவே இல்லை. ஒரு வீட்டுல ரெண்டு வாத்தியாரு, ஒரு நாற்காலி, பாட்டு நின்னதும் எம் பையன்தான் நின்னுக்கிட்டிருந்தான் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிக்கிறார். நேற்று என்னிடம் அப்படிச் சிரிக்கவில்லை. நீ சரின்னு சொல்லிரும்மா, அவன் திரும்பற மாதிரி எனக்குத் தெரியல என்றார். மகனைப் பற்றி அப்படிச் சொல்லலாமா மாமா என்றேன். நான் பெத்தவன், எனக்குத் தெரியாதா என்றார். அப்புறம் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அங்கே போன புதிதில் நீ எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? கிடங்கில் பார்சல் பிரிக்கும்போது ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் அங்கே ஓடும் ஆற்றை மனசுக்குள் சொல்லிக்கொள்வதாக எழுதியிருந்தாய். ஊர்ப் பேரைப் படிக்காதே, நம்பரைப் பாரு என்று மேற்பார்வையாளர் திட்டினார் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கடிதத்தில் ஆறுகள் இல்லை. அதற்கடுத்து வந்தது அரைப்பக்கம். இப்போது கடிதமே இல்லை. நம்பரைப் பார்க்கப் பழகிவிட்டாய் போல.

உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் என்று போன வாரம் சொன்னாய். நல்ல கணவன் சொல்கிற வாக்கியம்தான். திரும்பி வருகிறவன் சொல்கிற வாக்கியம் இல்லை.

எனக்கு அனுமதி வேண்டாம். என் பாடத்தில் கை வைக்காதே என்று ஒரு தடவை கத்து. அது போதும். கத்திவிட்டு வராமலே இருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை தாண்டிவிடும் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

நின்றுகொண்டே வேலை பார்க்காதே, கால் வீங்கும். மாமாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது. நன்றாக இரு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன்,
வரலாறு மிஸ்

பி.கு.: இதை ஒட்டாமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்று திங்கட்கிழமை. முதல் மணி அடிப்பதற்கு முன்னால் தலைமையாசிரியையின் அறைக்குப் போய்ச் சரி என்று சொன்னேன். அப்புறம் ஒன்பதாம் வகுப்புக்குப் போய் பாலைவனங்கள் நடத்தினேன்.