ஒன்பதாம் பாடம் கரைத்த தண்ணீர்

காஜிர்சர்
கார்த்திக் 12, வங்காள வருஷம் 1358

அன்பு மகன் மொஹ்சினுக்கு அம்மாவின் சலாம். கராச்சியில் நீ உடம்பு சுகமாக, அதைவிட வயிறு சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும், எத்தனையோ கடிதத்தில் எழுதிப் பழகின கைதான், இன்றைக்கு அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. உன் அப்பா சுகம், டிஸ்பென்சரிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்து வருகிறார். உன் தங்கை ரொவுஷன் புகுந்த வீட்டில் சுகம், ஏழாம் மாதம், புளிப்பு கேட்டுக் கேட்டு மாமியாரைப் பாடாய்ப் படுத்துகிறாளாம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. நானும் நின்று நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இரண்டு வாரமாக நான் நானாக இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன், உன் அப்பா வந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடுகிறது.

உன் கடிதம் கிடைத்தது. உருதுவையும் மாகாண பாஷைகளையும் வளர்க்கப் பெரிய கூட்டம் போடுகிறார்கள், அதற்கு என் வகுப்பைப் பற்றி ஒரு அறிக்கை வேண்டும், நான் முன்பு எழுதிய ஒரு வரியைப் படித்து உன் ஆபீஸ் சாஹேப் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். எங்கள் ஊர்ப் பெண்கள் பாடத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள் என்ற அந்த வரியை முதலில் எடுத்துவிடு மொஹ்சின். அச்சுக்குப் போயிருந்தாலும் போய் நிறுத்து. நான் எழுதியது பொய் இல்லை, அவர்கள் ஒற்றிக்கொண்டது நிஜம். ஏன் ஒற்றிக்கொள்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை, என்னவோ என் பாடத்துக்குக் கிடைத்த மரியாதை என்று தலைகால் தெரியாமல் இருந்தேன். படித்தவள் என்ற திமிர் இருக்கிறதே, அது கண்ணை மறைத்துவிடும்.

நீ இந்த வேலையைப் பற்றி முதலில் எழுதியபோது நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கும். நம் வங்காளத்தை அரபு எழுத்தில் எழுதுவதா, இது என்ன கூத்து, நம் எழுத்துக்கு என்ன வியாதி வந்தது என்று சண்டை போட்டேன். எல்லா பாஷைக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிட்டால் நாளைக்கு உருது சுலபமாக வந்துவிடும், நாடு ஒன்றாகிவிடும் என்று உன் சாஹேப் சொன்னதாக நீ பதில் எழுதினாய். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. நான் சம்மதித்தது வேறு காரணத்துக்காக. பள்ளிக்கூடம் என்றால் வாசலைத் தாண்ட விடாத புருஷன்கள், குர்ஆன் எழுத்து என்றதும் பெண்டாட்டிகளைத் தாங்களே கொண்டுவந்து விட்டார்கள். பதினொரு பேர். அரசாங்கத்திலிருந்து வந்த பாடப் புத்தகமோ நான்கு. அதனால் நானே நாணல் பேனாவால், விளக்குக் கரியில் மை கூட்டி, ஒவ்வொருத்திக்கும் பாடத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கும்போது ஒவ்வொருத்தியும் முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதைப் பார்த்து உன் அப்பா, "போற போக்கப் பாத்தா உன்ன ஒரு பீர் மகானாக்கி தர்கா கட்டிருவாங்க போலிருக்கே, எனக்கு வாசல்ல செருப்பு பாத்துக்கிற வேலையாவது குடு" என்று கிண்டல் செய்வார். நானும் சிரித்தேன்.

ஆசுவின் மாதம் வெள்ளம் வடிந்ததும் வகுப்புக்கு ஆள் கூட ஆரம்பித்தது. பதினொன்று இருபதானது, இருபது நாற்பதானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக வந்தவர்கள் பின்னால் உட்கார்ந்து, எழுத்தைச் சொல்லச் சொன்னால் முக்காட்டுக்குள் சிரித்து, தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாளே "தொலைஞ்சிருச்சு காலாம்மா, இன்னொண்ணு குடுங்க" என்பார்கள். ஊரே என்னைச் சித்தி முறை வைத்துக் காலாம்மா என்றுதானே கூப்பிடுகிறது. காகிதம் என்ன மரத்தில் காய்க்கிறதா என்று திட்டித் திட்டி எழுதிக் கொடுத்தேன். படகோட்டி தொராபின் மனைவி ஜயத்துனை உனக்குத் தெரியும், கால்வாய்க்கு அந்தப் பக்கம், மூங்கில் பாலத்தை ஒட்டின வீடு. அவள் ஒரு நாள், "காலாம்மா, எனக்கு மட்டும் எழுத்தப் பெருசா, மைய நல்லாக் கெட்டியா வச்சு எழுதித் தாங்க" என்றாள். பாவம், பார்வை மங்கல் போல என்று நினைத்து உன் அப்பாவிடம் அவளுக்குக் கண்ணாடிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னேன் மொஹ்சின். கண்ணாடிக்கு! என் புத்தியை எதால் அடிப்பது.

இரண்டு வாரத்துக்கு முந்தின புதன்கிழமை, மதிய லுஹர் தொழுகை முடிந்த நேரம், வகுப்பில் எனக்கு உதவி செய்யும் கொஹினூர் மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஜயத்துனின் மூத்த பையன் தாரா மியாவுக்குக் காலையிலிருந்து பேதியும் வாந்தியுமாக இருக்கிறது என்றாள். நாலு வயது. நம் முற்றத்தில் வாத்துகளைத் துரத்திக்கொண்டு கிடப்பானே அவன்தான். தொராப் சணல் ஏற்றிக்கொண்டு நாராயண்கஞ்ச் போயிருந்தான். டிஸ்பென்சரிக்குச் சொன்னார்களா என்று கேட்டுக்கொண்டே ஓடினேன், கொஹினூர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் ஓடினாள். உள்ளே போனால் ஜயத்துன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு பீங்கான் கிண்ணம். அதில் கறுத்த தண்ணீர். தண்ணீருக்குள் ஊறிப்போன என் தாள். கரண்டியால் அந்தத் தண்ணீரைப் பையன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள், அவன் உதடெல்லாம் என் மை. தாளில் பாதி எழுத்து இன்னும் கரையாமல் இருந்தது, என் கையெழுத்து எனக்குத் தெரியாதா. ஒன்பதாம் பாடம். கால்வாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கொதிக்காத தண்ணீரில் நோய் இருக்கிறது. அதைக் கால்வாய்த் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளோ என்னைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள். "விடியல்லயே ஆரம்பிச்சிட்டேன் காலாம்மா, இது மூணாவது தாளு. எழுதுன கையே வந்திருச்சு, இனி எனக்கென்ன பயம்" என்றாள். நான் கத்தினேன். இது கரைச்சுக் குடிக்கிற அல்லாஹ்வோட கலாம் இல்லடி, பாடம், நம்ம பேச்சு என்று கத்தினேன். அவள் விரலை உதட்டில் வைத்து, கிண்ணத்தைக் கண்ணால் காட்டி, சத்தம் போடாதீங்க என்கிறாள். நான் தாளை எடுத்து விரித்து ஒவ்வொரு வார்த்தையாக அவளுக்குப் படித்துக் காட்டினேன், அவள் பேசுகிற அதே வங்காளத்தில். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அது அர்த்தங்க காலாம்மா. ஓதுறது வேற, அர்த்தம் வேற. எங்க பள்ளிவாசல் முன்ஷியும் ஓதிட்டு அப்புறம்தான் நம்ம பேச்சுல அர்த்தம் சொல்வாரு" என்றாள். பிறந்ததிலிருந்து அந்த எழுத்தை அவள் ஓதத்தான் கேட்டிருக்கிறாள், அதில் யாரும் அவளோடு பேசியதே இல்லை. கொஹினூர் ஓடிப்போய் உன் அப்பாவைக் கூட்டி வந்தாள். கூப்பிடு தூரத்தில், டிஸ்பென்சரியில், காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்த மனிதர். இளநீர், உப்புத் தண்ணீர் என்று அவர் போராடினார், உள்ளே எதுவும் நிற்கவில்லை. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்போது தாரா மியா போய்விட்டான்.

மறுநாள் வகுப்புக்கு ஒருத்தியும் வரமாட்டாள், வந்தால் என் முகத்தில் காறித் துப்பத்தான் வருவாள் என்று நினைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்து மூன்று பேர் வந்தார்கள். நோய் பரவுகிறது, தாள் வேண்டும் என்று வந்தார்கள். பிள்ளைக்கு ஆயுசு அவ்வளவுதான், ஆனாலும் வாயில் கலாம் தண்ணீரோடு போனானே, யாருக்குக் கிடைக்கும் என்று என்னைத் தேற்றினார்கள். என்னையே தேற்றினார்கள்! நான் எழுத மாட்டேன் என்று பேனாவை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். நம் வங்காள எழுத்தில் எழுதிக் காட்டினேன், ஒருத்தி வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இதுல என்னங்க இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நாலாம் நாள் ஜயத்துனே வந்தாள். சின்னவள் குலாபிக்கும் ஆரம்பித்துவிட்டது, தாள் வேண்டும் என்றாள். அழவில்லை. தப்பு தன்மேல்தான் என்று அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். "போன தடவ கை கால் கழுவி ஒளு செய்யாம தாளத் தொட்டுட்டேன் காலாம்மா. அதான் பிள்ள போயிட்டான். இப்ப ஒளு செஞ்சிட்டுத்தான் வந்திருக்கேன், பாருங்க கை ஈரமா இருக்கு" என்று இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். உன் அப்பா அவள் வீட்டில் உப்பும் வெல்லமும் போட்டுக் காய்ச்சின தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறார், அவள் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன் என்கிறாள், தாள் கரையாத தண்ணீர் வெறும் தண்ணீர், அது வாயில் படக்கூடாது என்கிறாள். நான் அவள் கையைப் பார்த்தேன். உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்தேன்.

ஆமாம், எழுதினேன். உன் அம்மா, கல்கத்தாவில் படித்தவள், தாயத்து விற்கிறவர்களை வாசலோடு விரட்டினவள், எழுதினாள். பாடத்தை எழுதக் கை வரவில்லை, பாதிப் பொய்யாவது குறையட்டும் என்று இந்த முறை நிஜமாகவே குர்ஆனின் அல்ஹம்து சூராவை எழுதினேன். காய்ச்சின தண்ணீரில்தான் பலிக்கும், பச்சைத் தண்ணீர் பட்டால் போய்விடும், காலாம்மாவின் உத்தரவு என்று சொல்லி, அவள் வீட்டுக்குப் போய் உன் அப்பா காய்ச்சின அந்தப் பானையில் போட்டேன். ஜயத்துன் உடனே பிள்ளையை நீட்டினாள். இரண்டு நாள் உட்கார்ந்து ஊற்றினோம். குலாபி பிழைத்துக்கொண்டாள். நேற்று வாத்துக்குப் பின்னால் ஓடினாள், எனக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

இப்போது எல்லா வீட்டிலும் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, எல்லாப் பானையிலும் என் கையெழுத்து மிதக்கிறது. எட்டு நாளாக ஊரில் சாவு இல்லை. நோய் அடங்கும்வரை எழுதிக் கொடுப்பேன், அடங்கியதும் வகுப்பை மூடிவிடுவேன். ஐம்பத்து மூன்று பேரில் எழுத்துக் கற்றவள் கொஹினூர் ஒருத்திதான். அல்லாஹ்வின் வார்த்தையை வைத்து ஊரை ஏமாற்றுகிறேனா, காப்பாற்றுகிறேனா என்று தொழுகையில் கேட்கிறேன், இன்னும் விளங்கவில்லை. உன் அப்பா இப்போது கிண்டல் செய்வதில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நீ கேட்ட அறிக்கை இதுதான் மொஹ்சின், வேறு எழுத என்னால் ஆகாது. கொடுத்தால் உன் வேலைக்கு என்ன ஆகுமோ தெரியாது. ஆனால் கொடு. அந்தக் கூட்டத்தில் கூடுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாஷை வளர வேண்டும் என்று மனதார நினைக்கிறவர்கள்தான், நானும் அப்படித்தான் நினைத்தேன். சும்மா கேள்விப்பட்டது என்று யாராவது சொன்னால், எழுதின கையே சொல்கிறது என்று சொல்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, உருது பேசுகிற வீட்டுப் பெண் என்று எவளையாவது பிடித்திருந்தால் மறைக்காமல் எழுது, எனக்கு வருத்தம் இல்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல நெஞ்சும் தரட்டும். ஒன்றை மறக்காதே. இதை நீ சாஹேபுக்காக உருதுவில் மாற்றி எழுதும்போது, காலராவில் ஒரு மரணம் என்று சுருக்கிவிடாதே. தாரா மியா, வயது நாலு, காஜிர்சர் படகோட்டி தொராபின் மகன் என்று முழுசாக எழுது. தொராபுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு அவன் படகு திரும்பி வருகிறது.

உன் அம்மா
மெஹெருன்னிசா